ஐந்து மைல் வட்டம்

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதிகளிலும் மேற்குக் கடலில் சிதறிக்கிடக்கும் தீவுகளிலும் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஒரு புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் முதல்முறை வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்து ஷில்லிங். அடுத்தடுத்த வருகைகளுக்கு இரண்டரை ஷில்லிங். பிரசவம் பார்த்தால் ஒரு பவுண்டு. நோயாளியின் வீடு மருத்துவரின் வீட்டுக்கு எதிர்வாசலில் இருந்தாலும் சரி, இருபது மைலுக்கு அப்பால், நடுவே ஒரு கடற்கழியைத் தோணியில் கடந்து சேரவேண்டிய இடத்தில் இருந்தாலும் சரி, கட்டணம் ஒன்றுதான். அதற்கு முன்பு அப்படி இல்லை. மருத்துவர் வந்துபோகும் மைல்களையும் நோயாளியே சுமந்தார். தொலைவில் இருப்பவன் பெரும்பாலும் ஏழையாகவும் இருந்ததால், யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே மருத்துவர் மிக விலையுயர்ந்தவராக இருந்தார். மருத்துவரை அழைப்பதா வேண்டாமா என்று குடும்பம் யோசித்து முடிப்பதற்குள் பல வேளைகளில் காரியம் முடிந்துவிடும்.

பேறுகால மருத்துவத்தின் வரலாறு பொதுவாகக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் கைகழுவச் சொன்னார். அதே ஆண்டு எடின்பரோவில் சிம்ப்சன் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். 1930களின் நடுவில் சல்ஃபா மருந்துகள் வந்து பிரசவ ஜன்னியின் கொடுமையைத் தணித்தன. இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்த வரலாற்றுக்கு அடியில் இன்னொரு வரலாறு ஓடிக்கொண்டிருக்கிறது. அது தூரத்தின் வரலாறு. ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும் அது ஒரு மலைக்குடிசையின் வாசலை எட்டிய நாளுக்கும் இடையில் எத்தனை ஆண்டுகள், எத்தனை மைல்கள் என்பதே அதன் கேள்வி. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் கிழவிகள் சொல்வார்கள். அந்த மறுபிறப்பு நிச்சயமானதா இல்லையா என்பதை அவள் எந்த ஊரில் வாழ்கிறாள் என்பது முடிவு செய்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் தொடங்கி அமெரிக்காவின் கென்டக்கி மலைகளுக்குச் சென்ற ஒரு சிந்தனையைப் பின்தொடர்ந்து இந்த வரலாற்றின் ஒரு பகுதியைப் பார்க்கலாம்.

*

1911இல் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. கூலி வாங்கும் தொழிலாளி வாரந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்துவான், முதலாளியும் அரசும் தம் பங்கைச் சேர்ப்பார்கள், நோய் வந்தால் மருத்துவம் கிடைக்கும். பிரசவத்துக்கு முப்பது ஷில்லிங் உதவித்தொகையும் அதில் இருந்தது. ஆலைத் தொழிலாளர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் வாழ்ந்தவர்களோ பெரும்பாலும் சிறு குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கும் ஓட்ஸும் பயிரிட்டு, ஆடு மேய்த்து, மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். அவர்களுக்குக் கூலியும் இல்லை, முதலாளியும் இல்லை. சட்டம் அவர்களைத் தொடாமலே கடந்துபோயிற்று.

இந்தக் குறையை ஆராய 1912இல் சர் ஜான் டூவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. டூவர் நாடாளுமன்ற உறுப்பினர், புகழ்பெற்ற விஸ்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தார். பெர்த்ஷயர் கிராமங்களில் செவிலியர் சேவையை ஒழுங்குசெய்த அனுபவமுள்ள டல்லிபார்டின் சீமாட்டி. பின்னாளில், 1923இல், ஸ்காட்லாந்திலிருந்து தேர்வான முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர் அவர்தான். உள்ளாட்சி வாரியத்தைச் சேர்ந்த டாக்டர் லெஸ்லி மெக்கன்சியும் குழுவில் இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இவர் மீண்டும் வருவார்.

குழு லண்டனில் உட்கார்ந்து அறிக்கை எழுதவில்லை. மலைப்பகுதி ஊர்களுக்கும் தீவுகளுக்கும் சென்று மருத்துவர்கள், செவிலியர்கள், பாதிரிமார்கள், ஆசிரியர்கள், உழவர்கள் ஆகியோரிடம் வாக்குமூலம் கேட்டது. ஆண்டு இறுதிக்குள் அறிக்கையும் வந்துவிட்டது. அதில் திரும்பத்திரும்ப வரும் ஒரு செய்தி, மருத்துவர் சான்று இல்லாமலே பதிவான இறப்புகள். மனிதர்கள் என்ன நோயால் இறந்தார்கள் என்று சொல்லக்கூட ஒரு மருத்துவர் அருகில் இருக்கவில்லை. மருத்துவர்கள் அங்கே தங்காததற்குக் காரணமும் அறிக்கையில் தெளிவாக இருந்தது. மக்கள் குறைவு, அவர்கள் ஏழைகள், வழியெல்லாம் மலையும் கடலும். நாளெல்லாம் பயணம் செய்து இரண்டு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வார்? சந்தையின் கணக்கில் அந்தப் பகுதிக்கு ஒரு மருத்துவரைத் தாங்கும் சக்தி இல்லை. ஆகவே சந்தையை நம்பிப் பயனில்லை, அரசுதான் ஏற்கவேண்டும் என்று குழு கூறியது.

1913இல் நாடாளுமன்றம் இதற்கென ஆண்டுக்கு 42,000 பவுண்டு ஒதுக்கியது. மலைப்பகுதி மற்றும் தீவுகளின் மருத்துவச் சேவை என்ற அமைப்பு பிறந்தது. மருத்துவர்களுக்கு ஒரு குறைந்தபட்ச வருமானம் உறுதி செய்யப்பட்டது. அவர்களுடைய பயணச் செலவை அரசு ஏற்றது. நாம் தொடக்கத்தில் பார்த்த சமமான கட்டணம் அப்படித்தான் வந்தது. கிராமம்தோறும் செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள், அவர்களில் பலர் பேறுகாலப் பயிற்சியும் பெற்றவர்கள். 1929க்குள் ஏறத்தாழ 160 மருத்துவர்களும் 175 செவிலியர்களும் அந்தச் சேவையில் இருந்தார்கள். 1933இல் ஐலா தீவிலிருந்து ஒரு நோயாளியை விமானத்தில் கிளாஸ்கோவுக்குக் கொண்டுசென்றதும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். பிரிட்டன் முழுவதற்குமான பொது மருத்துவச் சேவை 1948இல் வந்தபோது, அது எப்படி இயங்கக்கூடும் என்பதற்கு இந்த மலைப்பகுதி ஏற்கெனவே முப்பத்தைந்து ஆண்டுகால உதாரணமாக நின்றது.

*

இந்த ஏற்பாட்டை நேரில் பார்க்க 1924இல் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வந்தார். மேரி பிரெக்கின்ரிட்ஜ். 1881இல் பிறந்தவர். அவருடைய தாத்தா அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர், தந்தை ரஷ்யாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். செல்வாக்குள்ள தெற்கத்தியக் குடும்பம். முதல் கணவர் இளமையிலேயே இறந்தபின் நியூயார்க்கில் செவிலியர் பயிற்சி பெற்றார். இரண்டாம் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். 1916இல் குறைமாதத்தில் பிறந்த மகள் சில மணி நேரமே உயிரோடிருந்தாள். மகன் 1918இல் நான்கு வயதில் இறந்தான். மணவாழ்வும் முறிந்தது. எஞ்சிய வாழ்வைப் பிறர் குழந்தைகளுக்கென வைத்துக்கொண்ட அவர், போரில் சிதைந்த பிரான்சுக்குச் சென்று தாய்சேய் நலப் பணியில் ஈடுபட்டார். அங்கேதான் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் ஒருங்கே பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் பெண்களைச் சந்தித்தார்.

இப்படி ஒருத்தி அமெரிக்காவில் இல்லை. இங்கிலாந்தில் 1902 முதலே மருத்துவச்சிகளுக்குச் சட்டமும் பயிற்சியும் பதிவும் இருந்தன. அமெரிக்காவிலோ ஒருபுறம் மகப்பேறு மருத்துவர்கள், மறுபுறம் எந்தப் பயிற்சியும் பெறாத கிராமத்து மருத்துவச்சிகள். இடையில் யாரும் இல்லை. 1923 கோடையில் பிரெக்கின்ரிட்ஜ் கிழக்குக் கென்டக்கியின் மூன்று கவுண்டிகளில் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் பலநூறு மைல்கள் சுற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவச்சிகளைக் கண்டு பேசினார். பெரும்பாலோர் முதியவர்கள். நல்ல மனமும் துணிவும் இருந்தன, பிரசவம் சிக்கலாகும்போது செய்வதற்கு அவர்கள் கையில் எதுவும் இல்லை. அந்தப் பயணத்துக்குப் பின் அவர் லண்டன் சென்று வூல்விச்சில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்தார். அதற்குப் பிறகே ஸ்காட்லாந்துக்குப் போனார். அங்கே அவரை வரவேற்று, எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று வழிகாட்டியவர் லெஸ்லி மெக்கன்சி.

ஸ்காட்லாந்தில் அவர் கண்டது மக்கள்தொகை குறைந்த, வறுமை மிகுந்த, சாலைகள் அரிதான ஒரு நிலத்தை. கென்டக்கியின் மலைகளும் அப்படியே. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

*

1925 மே மாதத்தில் கென்டக்கியில் அவர் தொடங்கிய அமைப்பு 1928இல் எல்லைப்புறச் செவிலியர் சேவை என்ற பெயரைப் பெற்றது. களம் லெஸ்லி கவுண்டி. ரயில் இல்லை. மோட்டார் செல்லும் சாலை இல்லை. உரிமம் பெற்ற மருத்துவர் ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை. ஓடைப் படுகைகள்தாம் பாதைகள். மழைக்காலத்தில் வெள்ளம், குளிர்காலத்தில் பனிக்கட்டி.

பிரெக்கின்ரிட்ஜ் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கவராயத்தால் வட்டங்கள் போட்டார் என்று சொன்னால் மிகையாகாது. ஒரு மையத்தில் இரண்டு செவிலியர்கள். குதிரையில் சென்று அவர்கள் எட்டக்கூடிய தூரம் ஐந்து மைல். ஆக ஒவ்வொரு மையமும் ஐந்து மைல் ஆரமுள்ள ஒரு வட்டத்தின் நடுப்புள்ளி. அடுத்த மையம் ஒன்பது முதல் பன்னிரண்டு மைலுக்குள். ஆறு மையங்களும் ஹைடன் என்ற சிற்றூரில் ஒரு சிறிய மருத்துவமனையும் சேர்ந்து ஏறத்தாழ 700 சதுர மைல் பரப்பைத் தழுவின. வட்டத்துக்குள் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் பயிற்சி பெற்ற ஒரு கை சுமார் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும்.

அங்கே வேலை செய்த செவிலியர்கள் ஒன்று பிரிட்டிஷ்காரர்கள், அல்லது பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்ற அமெரிக்கர்கள். குதிரையின் இருபக்கமும் தொங்கும் சேணப்பைகளில் ஒன்று பிரசவத்துக்கு, இன்னொன்று பொது மருத்துவத்துக்கு. கர்ப்பம் பதிவானதும் ஏழாம் மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை பார்த்தார்கள். பிரசவம் வீட்டில். அதன்பின் பத்து நாள் தினமும் வந்து தாயையும் சேயையும் கவனித்தார்கள். சிக்கல் தெரிந்தால் முன்கூட்டியே ஹைடன் மருத்துவமனைக்கு, தேவையானால் அங்கிருந்து வெளியூருக்கு. லெக்சிங்டன் நகர மருத்துவர்கள் அடங்கிய ஆலோசனைக் குழு, செவிலியர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுதிக்கொடுத்த ஒரு நடைமுறைக் கையேடு அவர்களிடம் இருந்தது. கட்டணம் 5 டாலர். பணமில்லாதவர்கள் குதிரைக்குத் தீவனம் கொடுத்தார்கள், நாற்காலி செய்து கொடுத்தார்கள், வேலி கட்டிக் கொடுத்தார்கள். தூரத்துக்கென்று தனிக் கட்டணம் இங்கும் இல்லை.

1928 ஜூனில் ஹைடன் மருத்துவமனையைத் திறந்துவைக்கக் கடல்கடந்து, பின் சாலையற்ற மலைப்பாதை வழியே வந்து சேர்ந்தவர் சர் லெஸ்லி மெக்கன்சி. பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்துத் தீவுகளில் உழவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டவர், தாங்கள் எழுதிய அறிக்கையின் விளைவைக் கென்டக்கியில் கண்டார்.

*

விளைவு என்ன? முதல் 1,000 பிரசவங்களின் பதிவேடுகளை மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியல் வல்லுநர் லூயி டப்ளின் 1932இல் ஆராய்ந்தார். பேறுகாலக் காரணங்களால் ஒரு தாய்கூட இறந்திருக்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்கா முழுவதும் 10,000 பிரசவங்களுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். இத்தகைய சேவை நாடெங்கும் கிடைத்தால் ஆண்டுக்கு 10,000 தாய்மார்களைக் காப்பாற்றலாம் என்று அவர் முடிவு சொன்னார். ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறவர்கள் அல்ல. மரணத்தைக் கணக்கிடுவதே அவர்கள் தொழில். பின்னர் 1950களில் முதல் 10,000 பிரசவங்களின் கணக்கும் வந்தது. மொத்தம் இறந்த தாய்மார் 11 பேர். நாட்டின் சராசரி அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இதில் சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. இந்தச் செவிலியர்களிடம் நியூயார்க்கிலோ சிக்காகோவிலோ இல்லாத எந்த மருந்தும் கருவியும் இருக்கவில்லை. முதல் 1,000 பிரசவங்களின் காலத்தில் சல்ஃபா மருந்தும் இல்லை, பென்சிலினும் இல்லை. அவர்கள் பார்த்த பெண்கள் நாட்டின் மிக வறிய பகுதியைச் சேர்ந்தவர்கள், பலமுறை பெற்றவர்கள். இருந்தும் இறப்பு குறைந்தது. காரணங்கள் எளியவை. பிரசவத்துக்கு முன்பே பலமுறை பார்த்திருந்ததால் கை, முகம் வீங்கிய பெண்ணுக்கு வலிப்பு வருவதற்கு முன்பே தெரிந்தது. வீட்டுப் பிரசவம் என்பதால் ஒரு தாயின் தொற்று இன்னொரு தாய்க்குப் பரவ வழியில்லை. அவசரமில்லாததால் ஆயுதம் போட்டு இழுக்கும் வழக்கமும் இல்லை. பிரசவத்துக்குப் பின் பத்து நாளும் யாரோ ஒருவர் வந்து பார்த்ததால் காய்ச்சலும் உதிரப்போக்கும் கண்ணில் படாமல் போகவில்லை. மொத்தத்தில், தெரிந்த ஒருத்தி, தேவையான நேரத்தில், வீட்டு வாசலில் இருந்தாள். மருத்துவம் முன்னேறியதால் மட்டும் அந்தத் தாய்மார்கள் பிழைக்கவில்லை. இருந்த மருத்துவம் ஐந்து மைலுக்குள் வந்ததால் பிழைத்தார்கள்.

*

இவ்வளவு தெளிவான வெற்றியை நாடு ஏன் பின்பற்றவில்லை என்ற கேள்விக்கு வரவேண்டும். இங்கேதான் ஸ்காட்லாந்தும் கென்டக்கியும் பிரிகின்றன.

ஸ்காட்லாந்தில் தூரத்தின் செலவை ஏற்றது அரசு. கென்டக்கியில் ஏற்றது தர்மம். பிரெக்கின்ரிட்ஜ் ஆண்டுதோறும் நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் நகரங்களின் செல்வச் சீமாட்டிகளிடம் சென்று உரையாற்றி நிதி திரட்டினார். அந்த வீடுகளின் பெண்கள் சில மாதம் மலைக்கு வந்து குதிரைகளைப் பராமரித்து, செய்தி சுமந்து தொண்டு செய்தார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நன்கொடை வற்றியபோது செவிலியர்கள் ஊதியம் குறைந்தும் வேலை செய்தார்கள். அரசு ஒருமுறை தாய்சேய் நலத்தில் இறங்கிப் பார்த்தது. 1921இல் வந்த ஷெப்பர்டு–டவுனர் சட்டம் மாநிலங்களுக்குப் பணம் கொடுத்தது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது. 1929இல் அந்தச் சட்டம் காலாவதியானது.

தர்மத்துக்கு இன்னொரு இயல்பும் உண்டு. யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிப்பார். மலைவாழ் மக்கள் கலப்பற்ற பழைய ஆங்கிலேய, ஸ்காட்டிஷ் வம்சாவளியினர், நாட்டின் தூய குருதி அவர்களிடம் இருக்கிறது என்பது நிதி திரட்டும் பேச்சுகளில் ஒலித்த ஒரு வாதம். பிரெக்கின்ரிட்ஜ் தாம் பிறந்த தெற்கின் நிறவெறியிலிருந்து விடுபட்டவர் அல்ல. கறுப்பினச் செவிலியர்களை அவர் பணியில் சேர்க்கவில்லை. அவருடைய சாதனையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையடையாது. ஏனெனில் அதே தெற்கில் கறுப்பினத் தாய்மார்களின் இறப்பு விகிதம் வெள்ளையரைவிட மிக அதிகமாக இருந்தது.

அவர்களுக்கான வட்டங்களை யார் வரைந்தார்கள்? பெரும்பாலும் அவர்களே. தெற்குக் கரோலினாவின் பெர்க்லி கவுண்டியில் மாட் காலன் என்ற கறுப்பினச் செவிலி-மருத்துவச்சி ஏறத்தாழ 400 சதுர மைல் பரப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவம் பார்ப்பதோடு உள்ளூர் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார். புகைப்படக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் இவரை அறிந்திருப்பார்கள். யூஜின் ஸ்மித் இவரோடு சுற்றி எடுத்த படங்கள் 1951 டிசம்பரில் லைஃப் இதழில் வெளியாயின. புகைப்படக் கட்டுரை என்ற வடிவத்தின் உச்சங்களில் ஒன்றாக இன்றும் அது கருதப்படுகிறது. படங்களைக் கண்டு நெகிழ்ந்த வாசகர்கள் அனுப்பிய பணத்தில் 1953இல் அவருக்கு ஒரு மருத்துவ நிலையம் எழும்பியது. ஓர் இதழின் வாசகர்கள் நெகிழ்ந்ததால் ஒரு கவுண்டிக்கு மருத்துவ நிலையம் கிடைத்தது நல்ல செய்திதான். புகைப்படக்காரர் போகாத கவுண்டிகள் எத்தனை என்ற எண்ணமும் கூடவே எழாமல் இல்லை.

அலபாமாவில் நடந்தது வேறு. அங்கே கறுப்பின மருத்துவச்சிகள் தலைமுறைகளாகப் பிரசவம் பார்த்துவந்தார்கள். 1976இல் அந்த மாநிலம் பயிற்சிப் பட்டமில்லாத மருத்துவச்சிகளுக்குச் சட்டப்படி முற்றுப்புள்ளி வைத்தது. மோபைல் நகரின் ஒனி லீ லோகன் 1984 வரை தாக்குப்பிடித்தவர். எழுத அதிகம் பழகாத அவர் வாய்மொழியாகச் சொல்ல, இன்னொருவர் எழுத்தில் கொண்டுவந்த 'மதர்விட்' என்ற தன்வரலாறு 1989இல் வெளியானது. ஒரு தொழில் அழிவதை அந்தத் தொழிலின் கடைசிக் குரலே சொல்லும் அரிய நூல் அது. பயிற்சியற்றவர்கள் பிரசவம் பார்க்கக்கூடாது என்ற நிலைப்பாட்டில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களை அகற்றிய சட்டம், அவர்கள் நடந்துசென்ற வீடுகளுக்கு இனி யார் நடந்துசெல்வார்கள் என்பதற்கு ஏற்பாடு செய்யவில்லை.

*

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காட்சி மாறியது. மலைகளில் சாலை வந்தது. குதிரைகளின் இடத்தை ஜீப்கள் பிடித்தன. 1946இல் வந்த ஹில்–பர்ட்டன் சட்டம் சிற்றூர்களிலும் மருத்துவமனைகள் கட்ட மத்திய அரசின் பணத்தைக் கொடுத்தது. நிறத்தால் பிரிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்கும் அந்தப் பணம் 1960களின் தொடக்கம் வரை சென்றது என்பதும் அதன் வரலாறு. பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நகர்ந்தது. இரத்தம் ஏற்றும் வசதி, அறுவை அரங்கு, மயக்க மருந்து நிபுணர் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும்போது பெண் அங்கே வருவதே பாதுகாப்பு என்பது சரியான வாதம். சிசேரியனைச் சேணப்பையில் கொண்டுபோக முடியாது.

ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று சத்தமில்லாமல் இடம் மாறியது. அதுவரை மைல்களைக் கடந்தவள் செவிலி. இனிமேல் கடக்கவேண்டியவள் கர்ப்பிணி. மருத்துவமனை அருகில் இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. மருத்துவமனை விலகத் தொடங்கியபோது தெரிந்தது.

அமெரிக்கச் சிற்றூர்களின் மருத்துவமனைகள் கடந்த பல ஆண்டுகளாகப் பிரசவப் பிரிவுகளை மூடிவருகின்றன. 2004இல் ஊர்ப்புறக் கவுண்டிகளில் 45 விழுக்காட்டில் பிரசவம் பார்க்கும் மருத்துவமனை இல்லை. 2014இல் அது 54 விழுக்காடு. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் கவுண்டிகள் இந்த வசதியை இழக்கும் வாய்ப்பு கூடுதல் என்றும் அந்த ஆய்வு கண்டது. 2024இல் வெளியான கணக்குப்படி நாட்டின் எல்லாக் கவுண்டிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரசவ மருத்துவமனையோ மகப்பேறு மருத்துவரோ செவிலி-மருத்துவச்சியோ எவரும் இல்லை. இவற்றை 'பேறுகாலப் பாலைவனங்கள்' என்று அழைக்கிறார்கள். பாலைவனம் இயற்கை உண்டாக்கியது. இவை கணக்கேடுகள் உண்டாக்கியவை. பிரசவப் பிரிவு என்பது குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் வைத்துக் காத்திருக்கவேண்டிய இடம். ஆண்டுக்கு நூறு பிரசவம் நடக்கும் ஊரில் வரவு செலவு கட்டாது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு கொடுக்கும் தொகையும் குறைவு. 1912இல் டூவர் குழு ஸ்காட்லாந்து மருத்துவரைப் பற்றி எழுதிய அதே கணக்கு.

ஹார்ப்பர் லீ பிறந்து வளர்ந்த மன்றோவில் ஊரை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் மேகோம்ப் அந்த ஊரின் சாயல்தான். அந்த ஊர் மருத்துவமனை 2023 நவம்பரில் பிரசவம் பார்ப்பதை நிறுத்தியது. இனி அங்குள்ள கர்ப்பிணி முப்பது மைலுக்கும் மேல் பயணம் செய்யவேண்டும். ஒனி லீ லோகனின் அலபாமாதான் அதுவும். மருத்துவச்சி முதலில் போனாள். மருத்துவமனை பிறகு போனது.

சட்டம் உண்டாக்கும் தூரமும் உண்டு. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு அரசியல் சாசன உரிமை அல்ல என்று தீர்ப்பளித்ததும் கென்டக்கி உட்படப் பல மாநிலங்களில் அது ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடையைப் பற்றி ஒருவர் என்ன கருத்துக் கொண்டிருந்தாலும், அதன் சுமை தூரமாகவே இறங்குகிறது என்பதை மறுக்கமுடியாது. வசதியுள்ளவள் மாநில எல்லையைக் கடந்து போகிறாள். வண்டியும் விடுப்பும் பணமும் இல்லாதவள் இருக்கிறாள்.

*

ஸ்காட்லாந்து மட்டும் தப்பிவிடவில்லை. வடகோடியில் உள்ள விக் நகர மருத்துவமனையில் 2016 முதல் மகப்பேறு மருத்துவர்கள் இல்லை, மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவு மட்டுமே இருக்கிறது. பச்சிளம் குழந்தை ஒன்றின் இறப்பைத் தொடர்ந்து நடந்த பாதுகாப்பு ஆய்வின் முடிவு அது. அந்தப் பகுதியின் பெரும்பாலான பெண்கள் இப்போது நூறு மைலுக்கும் மேல் பயணித்து இன்வர்னெஸ் செல்கிறார்கள். குளிர்காலத்தில் பனி அந்தச் சாலையை மறிப்பதும் உண்டு. தூரத்தின் விலையை நோயாளியிடமிருந்து எடுத்துவிட்ட முதல் நிலம், நூறாண்டுக்குப் பின் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

இங்கே ஒரு நேர்மையான சிக்கல் இருக்கிறது. பிரசவங்கள் குறைவாக நடக்கும் இடத்தில் கைத்தேர்ச்சி மங்கும். அரிய சிக்கல் ஒன்று வரும்போது அங்குள்ளவர்களுக்குப் பழக்கமிருக்காது. எனவே பெரிய மருத்துவமனையில் குவிப்பதே பாதுகாப்பு என்று வல்லுநர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கணக்கு மருத்துவமனை வாசலில் தொடங்குகிறது. வாசலுக்கு வருவதற்கு முந்தைய நூறு மைல் அதில் இல்லை. அமெரிக்காவில் பிரசவப் பிரிவு மூடப்பட்ட, நகரங்களிலிருந்து தொலைவான கவுண்டிகளை ஆராய்ந்தவர்கள் அங்கே மருத்துவமனைக்கு வெளியே நடந்த பிரசவங்களும், பிரசவ வசதியில்லாத மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் நடந்த பிரசவங்களும், குறைமாதப் பிறப்புகளும் கூடியிருப்பதைக் கண்டார்கள். ஒரு கணக்கில் பாதுகாப்பு கூடுகிறது. எவரும் எழுதாத இன்னொரு கணக்கில் குறைகிறது.

பிரெக்கின்ரிட்ஜ் இந்த இரண்டு கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதினார் என்பதே அவருடைய முக்கியத்துவம் என்று நினைக்கிறேன். அவர் மருத்துவமனையை நிராகரிக்கவில்லை, ஹைடனில் ஒன்றைக் கட்டினார். ஆனால் அதைச் சுற்றி வட்டங்களை வரைந்தார். தொடர்ந்து பார்ப்பது வாசலில், சிக்கலைத் தீர்ப்பது மையத்தில், இரண்டுக்கும் நடுவே உள்ள மைல்களுக்குப் பொறுப்பு அமைப்பினுடையது. இந்த மூன்றாவது பகுதிதான் எப்போதும் முதலில் வெட்டப்படுவது. போர் வந்து பிரிட்டிஷ் செவிலியர்கள் நாடு திரும்பியபோது 1939இல் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து, தொலைநிலைக் கல்வி வழியே நாடெங்கும் செவிலி-மருத்துவச்சிகளை உருவாக்குகிறது. அதன் வளாகமும் மலையை விட்டு இறங்கி, லெக்சிங்டனுக்கு அருகிலுள்ள வெர்செயில்ஸ் என்ற ஊருக்குப் போய்விட்டது. பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எந்த வட்டத்தில் நிறுத்துவது, அந்த வட்டத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் இன்னும் தீராதது.

தூரம் இயற்கையானது என்று நினைப்பது நமக்கு வசதியானது. மலை அங்கே இருக்கிறது, கடல் அங்கே இருக்கிறது, நாம் என்ன செய்யமுடியும்? ஆனால் ஸ்காட்லாந்தின் மலைகள் 1912இலும் 1914இலும் ஒரே இடத்தில்தான் இருந்தன. இடையில் மாறியது ஒரு ரசீதின் ஒரு வரி மட்டும். பயணச் செலவு என்ற வரி நோயாளியின் ரசீதிலிருந்து அரசின் ஏட்டுக்குப் போயிற்று. ஒரு பிரசவப் பிரிவு மூடப்படும்போதெல்லாம் அந்த வரி மீண்டும் திரும்பி வருகிறது. அப்போது அது ரசீதில் எழுதப்படுவதில்லை. நிறைமாதப் பெண் ஒருத்தி அதிகாலை இருட்டில், வலி தொடங்கிய பின், காரின் பின்னிருக்கையில் அதைச் செலுத்துகிறாள்.